காய்ச்சல் மூன்றாம் நாள் நிற்கும், மலேரியா நிற்காது!

திங்கட்கிழமை மாலை. தாராவியில் ஒரு சிறிய கோலி. வேலையிலிருந்து வந்தவருக்குத் திடீரென்று குளிர் எடுக்கிறது. போர்வைக்கு மேல் போர்வை போர்த்தியும் பற்கள் தந்தி அடிக்கின்றன. சிறிது நேரத்தில் உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது. பிறகு தெப்பமாக வியர்த்துக் காய்ச்சல் இறங்குகிறது.

செவ்வாய்க்கிழமை உடம்பு சும்மா இருக்கிறது. வேலைக்குப் போய்விடுகிறார். புதன்கிழமை, ஏறக்குறைய அதே நேரத்தில், மறுபடியும் குளிர். பக்கத்து வீட்டு அக்கா திட்டி அனுப்பிய பிறகு மாநகராட்சி தவாகானாவுக்குப் போகிறார். விரலில் குத்தி இரத்தம் எடுக்கிறார்கள். "மலேரியா" என்கிறார் டாக்டர். இரண்டு வகை மாத்திரை கொடுக்கிறார். ஒன்றை மூன்று நாளும், மற்றொன்றைப் பதினான்கு நாளும் சாப்பிடச் சொல்கிறார்.

சனிக்கிழமைக்குள் காய்ச்சல் போய்விடுகிறது. அடுத்த திங்கட்கிழமை மனிதர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். மிச்சமிருந்த மாத்திரை அட்டை சாமி படத்துக்குப் பின்னால் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து அதே குளிர், அதே காய்ச்சல். "பாழாய்ப் போன கொசு மறுபடியும் கடித்துவிட்டதே!" என்று நொந்துகொள்கிறார்.

கொசுவின் மீது போட்ட பழி அநேகமாகத் தவறு. இது பழைய காய்ச்சல். முதல் கடியில் உள்ளே போன கிருமி அவரை விட்டுப் போகவே இல்லை. அதைக் கொல்ல வேண்டிய மாத்திரை சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது!

இப்படி ஒருவர் அல்ல, பலர் உண்டு. கொத்தனார், சித்தாள், நாக்காவில் நின்று அன்றாடக் கூலிக்குப் போகிறவர், சர்ச்கேட்டில் இறங்கி ஆபீசுக்கு ஓடும் குமாஸ்தா எல்லாரும் செய்யும் தவறு இது. தனி மனிதன் மட்டும் அல்ல, நம் தேசமே ஒருமுறை இதே தவறைச் செய்தது. அந்தக் கதையையும் பார்ப்போம்.

ஒரு கொசுவுக்கு ஓர் அணா

மலேரியா கெட்ட காற்றால் வருகிறது என்றுதான் மனிதன் பல நூற்றாண்டுகள் நம்பிக் கொண்டிருந்தான். அந்தப் பெயருக்கே இத்தாலிய மொழியில் "கெட்ட காற்று" என்றுதான் பொருள். 1880-ல் அல்ஜீரியாவில் இருந்த லாவரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர், நோயாளியின் இரத்தத்தில் கிருமியைக் கண்டார். ஆனால் அது இரத்தத்துக்குள் எப்படிப் போகிறது என்பது தெரியவில்லை.

அந்தப் புதிருக்கு விடை கிடைத்தது நம் நாட்டில்தான். ரொனால்டு ராஸ் என்ற ராணுவ டாக்டர், 1857-ல் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தவர். செகந்திராபாத்தில் கொசுக்களைப் பிடித்து, நோயாளிகளைக் கடிக்க வைத்து, பிறகு அவற்றின் வயிற்றை அறுத்துப் பார்த்தார். இரண்டு ஆண்டுகள் பாடுபட்டும் பலன் இல்லை. அவர் அறுத்தவை எல்லாம் வேறு ஜாதிக் கொசுக்கள்!

இடையில் 1897-ல் உதகமண்டலம் பக்கம் போனார். சீகூர் மலைச் சரிவில் மலேரியா அவரையே பிடித்துக் கொண்டது. காய்ச்சல் தெளிந்து திரும்பியவர், இறக்கையில் புள்ளி உள்ள ஒரு கொசுவின் மீது கண் வைத்தார்.

உசேன் கான் என்ற நோயாளி கொசுக்கடிக்கு உடம்பைக் கொடுக்கச் சம்மதித்தார். கூலி, ஒரு கொசுவுக்கு ஓர் அணா. 1897 ஆகஸ்டு 20-ந் தேதி, அந்தக் கொசுக்களில் ஒன்றின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியை ராஸ் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில், பறவைகளின் மலேரியாவை வைத்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேருவதையும் காட்டினார். 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆகஸ்டு 20-ந் தேதி இன்றும் உலகக் கொசு நாளாக நினைக்கப்படுகிறது.

அந்தக் கொசுவின் பெயர் அனோபிலிஸ். அதிலும் பெண் கொசு மட்டுமே மனித இரத்தம் குடிக்கும். மாலைக்குப் பிறகு இரவில்தான் கடிக்கும். உட்காரும்போது தலையைக் கீழே வைத்து, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு உட்காரும்.

கல்லீரலில் ஒரு தூக்கம்

கொசுவைப் பிடித்த பிறகும் ஒரு புதிர் பாக்கி இருந்தது. கொசு கடித்தவுடனே காய்ச்சல் வருவதில்லை. பெரும்பாலும் பத்து, பதினைந்து நாள் ஆகிறது. அதுவரை கிருமி எங்கே இருக்கிறது? குணமான ஆளுக்கு மாதக் கணக்கில் கழித்துத் திரும்பவும் காய்ச்சல் வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது?

1948-ல் லண்டனில் ஷார்ட், கார்ன்ஹாம் என்ற இரு விஞ்ஞானிகள் பாதி விடை கண்டார்கள். இவர்களில் ஷார்ட், முன்பு சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட்டில் இயக்குநராக இருந்தவர். கொசு கடித்ததும் கிருமி நேரே கல்லீரலுக்குப் போய், அங்கே பெருகிய பிறகே இரத்தத்தில் இறங்குகிறது என்று இவர்கள் காட்டினார்கள்.

மீதி விடை 1980-ல் கிடைத்தது. கிராட்டோஸ்கி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும், கல்லீரலில் பெருகாமல், வளராமல், சும்மா தூங்கிக் கிடக்கும் கிருமிகளைக் கண்டார்கள். வாரங்களோ மாதங்களோ தூங்கிவிட்டு இவை விழித்துக் கொள்ளும். உடனே பழையபடி குளிரும் காய்ச்சலும் வந்துவிடும்.

நம் நாட்டில் முக்கியமாக இரண்டு வகை மலேரியா உண்டு. ஒன்று வைவாக்ஸ். மற்றது பால்சிபேரம். கல்லீரலில் தூங்குவது வைவாக்ஸ். பால்சிபேரம் தூங்காது, ஆனால் மூளை, சிறுநீரகம் வரை தாக்கி ஆளையே கொன்றுவிடக் கூடியது. ஆகவே "மலேரியா" என்று தெரிந்தால் போதாது. எந்த மலேரியா என்றும் தெரிய வேண்டும். இரத்தப் பரிசோதனை இல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

வைவாக்சுக்கு இரண்டு மருந்து ஏன் என்பது இப்போது புரியும். மூன்று நாள் குளோரோகுயின், இரத்தத்தில் உள்ள கிருமியைக் கொல்லும், காய்ச்சல் நிற்கும். கல்லீரலில் தூங்கும் கிருமியை அது தொடாது. அதைக் கொல்வது பிரைமாகுயின். நம் நாட்டு முறைப்படி அதைப் பதினான்கு நாள் சாப்பிட வேண்டும். முதல் மருந்து காய்ச்சலுக்கு, இரண்டாவது மருந்து மலேரியாவுக்கு என்று நினைவில் வைத்துக் கொள்ளலாம்.

பம்பாயின் கிணறுகள்

மும்பைக்கும் மலேரியாவுக்கும் பழைய உறவு உண்டு. இப்போது இந்திரா துறை என்று அழைக்கப்படும் கப்பல் துறை, அலெக்சாண்டிரா துறை என்ற பெயரில் கட்டப்பட்ட காலத்தில் நகரில் மலேரியா கடுமையாக இருந்தது. பென்ட்லி என்ற டாக்டர் அதை ஆராய்ந்து 1911-ல் அறிக்கை கொடுத்தார்.

வங்காளத்தின் வடக்கே துவார்ஸ் தேயிலைத் தோட்டங்களில், கிறிஸ்டோபர்ஸ் என்பவருடன் சேர்ந்து மலேரியாவை ஆராய்ந்தவர் இந்த பென்ட்லி. வேலைக்காகப் பல ஊர்களிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து, நெருக்கமாகக் குடிவைத்து, அரைவயிற்றுக் கூலி கொடுக்கும் இடத்தில் மலேரியா கொழுந்துவிட்டு எரியும் என்பது அவர்கள் கண்ட பாடம். அந்தப் பாடம் இன்றும் பழையதாகிவிடவில்லை.

பம்பாயில் அவர் கண்ட குற்றவாளி, அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நகரத்துக் கொசு. சாக்கடையில் அல்ல, சுத்தமான தண்ணீரில் முட்டையிடுவது. அன்றைய பம்பாயில் வீட்டுக்கு வீடு, ஆலைக்கு ஆலை கிணறு இருந்தது. அவைதான் அந்தக் கொசுவின் தொட்டில்.

கிணறுகளை மூடச் சொன்னதும் எதிர்ப்பு கிளம்பியது. பலருக்குக் கிணறு என்பது தண்ணீர் எடுக்கும் இடம் மட்டும் அல்ல, வழிபாட்டுக்கு உரியது. இதனால் பல கிணறுகளுக்குக் கொசு புகாதபடி மூடி போடவும் வழி செய்யப்பட்டது. சர்ச்கேட் பக்கம் போகிறவர்கள் பீகா பெஹ்ராம் கிணற்றைப் பார்த்திருக்கலாம். 1725-ல் வெட்டப்பட்ட அந்தப் பார்சிக் கிணறு இன்றும் இருக்கிறது.

1928-ல் கோவெல் என்பவர் பம்பாய் மலேரியாவை மறுபடியும் ஆராய்ந்து நூல் எழுதினார். அப்போதும் கிணறும் தொட்டியும்தான் பிரச்சினை. கிணறுகள் குறைந்த பிறகு கொசு மேலே ஏறிவிட்டது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிதான் அதன் புது வீடு!

தேசம் செய்த தவறு

மலேரியாவுக்கு வெகு காலம் ஒரே மருந்து கொயினாதான். சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுப்பது. நம் நீலகிரியில் நடுவட்டத்திலும் சிங்கோனா வளர்த்துக் கொயினா தயாரித்தார்கள். தபால் ஆபீசில் கொயினாப் பொட்டலம் விற்ற காலமும் உண்டு.

இரண்டாவது உலகப் போருக்குப் பிறகு டி.டி.டி. வந்தது. 1946-ல் பம்பாய் மாகாணத்தின் கானரா, தார்வார் பகுதிகளில் டாக்டர் டி.கே. விசுவநாதன் தலைமையில் வீடு வீடாகச் சுவரில் டி.டி.டி. அடித்தார்கள். சுவரில் உட்காரும் கொசு செத்தது. மலேரியா மளமளவென்று குறைந்தது. அந்த வெற்றி தேசத்துக்கே நம்பிக்கை கொடுத்தது.

சுதந்திரம் வந்தபோது ஆண்டுக்கு சுமார் 7½ கோடிப் பேருக்கு மலேரியா வந்தது என்றும், 8 லட்சம் பேர் இறந்தார்கள் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1958-ல் அதுவே ஒழிப்புத் திட்டம் ஆனது. 1965-ல் நாடு முழுவதும் பதிவான நோயாளிகள் சுமார் 1 லட்சம் பேர்தான்! உலகமே மூக்கின் மேல் விரலை வைத்தது.

பிறகு நடந்ததுதான் வேதனை. "மலேரியா போய்விட்டது" என்று கை தளர்ந்தது. மருந்து வேண்டிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. கிராமங்களில் காட்டிய அக்கறையை நகரங்களில் காட்டவில்லை. கொசுக்கள் டி.டி.டி.க்குப் பழகிவிட்டன. 1973-ல் அசாமில், குளோரோகுயினுக்குச் சாகாத பால்சிபேரம் கிருமியும் கண்டுபிடிக்கப்பட்டது.

1976-ல் நோயாளிகளின் எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டியது. பதினோரு ஆண்டுகளில் 60 மடங்குக்கு மேல்!

இலங்கையும் இதையே அனுபவித்தது. அங்கே 1963-ல் மலேரியா நோயாளிகள் 17 பேர் மட்டுமே. மருந்து அடிப்பதை நிறுத்தினார்கள். 1968, 1969-ம் ஆண்டுகளில் 5 லட்சம் பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். ஆனால் இலங்கை பாடம் கற்றது. உள்நாட்டுப் போரின் நடுவிலும் வேலையை விடவில்லை. 2012-க்குப் பிறகு அங்கே உள்ளூரில் பிறந்த மலேரியா இல்லை. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது.

சாமி படத்துக்குப் பின்னால் மாத்திரையைச் செருகியவரும், 1965-ல் கை தளர்ந்த தேசமும் செய்தது ஒரே தவறு அல்லவா? காய்ச்சல் குறைந்ததைப் பார்த்துவிட்டு நோய் போய்விட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

இன்றைய நிலை

இன்று நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. 2023-ல் இந்தியாவில் அரசாங்கக் கணக்கில் பதிவானவர்கள் சுமார் 2¼ லட்சம் பேர். இறந்தவர்கள் 83 பேர். பதிவாகாத நோயாளிகளும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு இதைவிடப் பல மடங்கு அதிகம். 2030-க்குள் மலேரியாவை நாட்டை விட்டே விரட்டுவது அரசாங்கத்தின் குறிக்கோள்.

ஆனால் மும்பை அசட்டையாக இருக்க முடியாது. 2010-ல் இந்த ஒரே நகரத்தில் 76 ஆயிரம் பேருக்கு மேல் மலேரியா வந்தது. 145 பேர் இறந்தார்கள். கட்டட வேலை நடக்கும் இடங்களே அப்போது பெரிதும் குற்றம் சாட்டப்பட்டன.

காரணம் எளிது. புதுக் கட்டடத்தில் தண்ணீர் தேங்காத இடம் எது? சிமெண்டு இறுக வேண்டும் என்று தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் விடுகிறோம். லிப்ட் குழியில் மழைநீர் நிற்கிறது. டிரம்மிலும் தொட்டியிலும் தண்ணீர் சேர்த்து வைக்கிறோம். கீழ்த் தளத்திலேயே ஆட்கள் படுத்துத் தூங்குகிறார்கள். ஒருவர் உடம்பில் கிருமி இருந்தால் போதும். கொசு அதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடுகிறது. அவர்தான் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர் என்றால், அவரால் அறையில் உள்ள அத்தனை பேருக்கும் ஆபத்து.

கொசு முட்டையிலிருந்து வெளியேறிப் பறக்க, இந்த ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டால், புழு கொசுவாக மாறவே முடியாது. கொட்ட முடியாத தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும். மூட முடியாத தண்ணீரில் புழு தின்னும் கப்பி மீனை விடலாம். மாநகராட்சியின் பூச்சி ஒழிப்பு ஆட்கள் மாடித் தொட்டியைப் பார்க்க வந்தால் தடுக்காதீர்கள்.

தடுப்பூசி வந்துவிட்டதே?

"மலேரியாவுக்கு ஊசி வந்துவிட்டதாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். வந்திருப்பது உண்மைதான். 2021-ல் ஒரு தடுப்பூசியையும், 2023-ல் இன்னொன்றையும் உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்தது. இரண்டாவது ஊசியை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் உருவாக்கியது. அதைத் தயாரிப்பது நம் பக்கத்து ஊர் புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிடியூட். பெருமைப்பட வேண்டிய விஷயம்.

ஆனால் இவை பால்சிபேரம் மலேரியாவிலிருந்து குழந்தைகளைக் காப்பதற்கு. ஆப்பிரிக்காவில்தான் இப்போது பெருமளவில் போடப்படுகின்றன. கல்லீரலில் தூங்கும் வைவாக்சுக்கு இந்த ஊசி பயன்படாது. ஆகவே ஊசியை நம்பி மாத்திரையை விட்டுவிடக் கூடாது.

நாட்களைக் குறைக்கவும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பிரைமாகுயினை அதிக அளவில் ஏழு நாளில் கொடுத்து முடிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. டாபினோகுயின் என்ற மருந்து ஒரே வேளையில் முடிந்துவிடும்; 2018-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் உங்கள் சீட்டில் பதினான்கு நாள் என்று எழுதியிருந்தால், உங்களுக்குப் பதினான்கு நாள்தான். நீங்களாகவே இரண்டு மாத்திரையை ஒன்றாகப் போட்டு நாளைக் குறைக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மாநகராட்சி மருந்தகங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கார்டுப் பரிசோதனையில் அரை மணி நேரத்துக்குள் முடிவு தெரிந்துவிடும்.

பிரைமாகுயின் எல்லாருக்கும் கொடுக்கக் கூடியது அல்ல. கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை. பிறவியிலேயே இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள சிலருக்கு இந்த மருந்தால் இரத்த அணுக்கள் உடையும். மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர் கறுத்துப் போனாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். வெறும் வயிற்றில் சாப்பிடாதீர்கள், குமட்டும்.

காய்ச்சலோடு பேச்சுக் குழறல், வலிப்பு, மயக்கம், நிற்காத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். அது பால்சிபேரமாக இருக்கலாம். ஒரு இரவு தாமதித்தாலும் உயிருக்கு ஆபத்து.

இன்னொன்று. பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்தால், "நான் மும்பையிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியா பாருங்கள்" என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் மலேரியா இப்போது அரிதாகிவிட்டது. நீங்கள் சொல்லாவிட்டால் டாக்டருக்கு அந்தச் சந்தேகமே வராமல் போகலாம். பாதி மாத்திரையோடு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் மீதியையும் பையில் எடுத்து வையுங்கள். உங்கள் ஊரில் அந்த நோயை நீங்களே கொண்டு போய் இறக்கிவிடக் கூடாது.

ஒருமுறை மலேரியா வந்தால் கூலி எத்தனை நாள் போகிறது என்று கணக்குப் பாருங்கள். அதே காய்ச்சல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திரும்பினால், ஊருக்கு அனுப்ப வேண்டிய மணியார்டர் பணம் எங்கே போகும்? மிச்ச மாத்திரை சாப்பிட ஒரு நாளில் ஒரு நிமிடம் கூட ஆகாது.

கடன், நெருப்பு, நோய் மூன்றிலும் மிச்சம் வைக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் மாத்திரை அட்டை ஏதாவது செருகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால், அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், "இதைப் பாதியில் விட்டுவிட்டேன்" என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் திட்டினால் திட்டட்டும். இந்தத் தடவை மலேரியா முழுதாகப் போகும்.